காத்திருப்பு எங்கே பிறக்கிறது?



முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போதெல்லாம் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். ‘என் கம்ப்யூட்டரில் வீடியோ எடிட்டிங் ரொம்பவும் மெதுவாகப் போகிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?’ கேட்பவர்களில் பெரும்பாலோர் சொந்தமாகச் சிறு ஸ்டுடியோ நடத்துபவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கள். ஒரு கார்டுக்கு முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று எடுத்து வைப்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல. சிலர் நகையை அடகு வைத்து வாங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ‘வாங்குங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ ஒரே வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதனால் இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதையும் இந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் கார்டு எல்லா வேலையையும் வேகப்படுத்தாது. ஒன்றையொன்று எதிர்பார்க்காத, ஒரே மாதிரியான சின்னச் சின்னக் கணக்குகளாகப் பிரிக்க முடிகிற வேலையைத்தான் வேகப்படுத்தும். அந்த வகை வேலை என்றால் நம்ப முடியாத அளவுக்கு வேகப்படுத்தும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் மேசையில் காத்திருப்பு எந்த இடத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதைக் கண்டுபிடித்துவிட்டால் எந்தக் கார்டு வேண்டும், கார்டே வேண்டுமா என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

ஒரு ரிசப்ஷன் காட்சியை எடுத்துக்கொள்வோம். மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. மணப்பெண்ணின் பட்டுப்புடவைக் கரை இருட்டில் அமுங்கிப்போயிருக்கிறது. எடிட்டர் பிரகாசத்தை 20 சதவீதம் கூட்டுகிறார். அந்தக் கரையில் உள்ள ஒரே ஒரு புள்ளியை மட்டும் நெருங்கிப் பாருங்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது மூன்று எண்கள்: சிவப்பு 60, பச்சை 45, நீலம் 40. மூன்றையும் 1.2ஆல் பெருக்கினால் 72, 54, 48. அவ்வளவுதான் வேலை. நாலாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும் கணக்கு.

ஆனால் 4கே படத்தின் ஒரு ஃபிரேமில் அகலவாக்கில் 3,840, உயரவாக்கில் 2,160, ஆக மொத்தம் 82,94,400 புள்ளிகள் இருக்கின்றன. புள்ளிக்கு மூன்று பெருக்கல் வீதம் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 2.49 கோடி. நொடிக்கு 25 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால் நொடிக்கு 62 கோடிப் பெருக்கல். இதுவும் பிரகாசத்தைக் கூட்டும் ஒரு வேலைக்கு மட்டும். பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்கலாம் என்று ‘பிளர்’ போடுகிறீர்கள். ஒரு புள்ளியை மங்கலாக்க, அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுக்க வேண்டும். நாலாபுறமும் பத்துப் புள்ளி தூரம் என்று வைத்தால் 21க்கு 21, அதாவது 441 புள்ளிகளைப் படிக்க வேண்டும். அப்படியே நேராகச் செய்தால் நொடிக்கு 27,000 கோடிக் கணக்குகள். முதலில் கிடைவாக்கில், பிறகு நெடுவாக்கில் என்று இரண்டு தடவையாகப் பிரித்துச் செய்யும் சாமர்த்தியம் உண்டு. அப்போதும் 2,600 கோடிக்குக் குறையாது. இதற்கு மேல் கலர் கிரேடிங், இரைச்சல் நீக்கம், ஆட்டத்தைச் சரிசெய்வது, எழுத்துகள், டிரான்சிஷன்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம்.

இந்தக் கணக்குகளில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, எந்தக் கணக்கும் கடினமானது அல்ல. எண்ணிக்கைதான் மலைக்க வைக்கிறது. இரண்டு, ஒரு புள்ளியின் விடையைக் கண்டுபிடிக்கப் பக்கத்துப் புள்ளியின் விடை தேவையில்லை. பிளரில்கூட அண்டைப் புள்ளிகளின் பழைய மதிப்புதான் வேண்டும். அவற்றின் புது மதிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிராபிக்ஸ் பிராசசரின் (ஜிபியு) முழு வலிமையும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது.

நம் கம்ப்யூட்டரின் பிராசசரான சிபியு எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்று சில கோர்களைத்தான் கொண்டிருக்கும். ஒவ்வொரு கோரும் பலசாலி. ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்று கிளை பிரிந்து ஓடும் நிரலைச் சளைக்காமல் நடத்தும். அடுத்து எந்தக் கட்டளை வரும் என்று முன்கூட்டியே ஊகித்துத் தயாராகும். சிப்பின் பெரும்பகுதி அந்த ஊகத்துக்கும் உள் நினைவகத்துக்குமே செலவாகிறது. ஜிபியு வேறு வழியில் யோசித்துச் செய்யப்பட்டது. ஊகிக்கும் அமைப்புகளைக் குறைத்துவிட்டு, மிச்சமாகும் இடத்தில் சிறிய கணக்கிடும் அலகுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கியிருக்கிறார்கள். நம்மூர் எடிட்டர்கள் பலரும் வைத்திருக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் அப்படி 3,584 அலகுகள். இவற்றை சிபியுவின் கோரோடு ஒன்றுக்கு ஒன்று ஒப்பிடக் கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் வலுவில் வெகுவாகக் குறைந்தவை. 32 வேலைகளை ஒரு குழுவாகச் சேர்த்து, குழு முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே கட்டளையை நிறைவேற்றும். தரவு மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

நாற்று நடவைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். நாற்பது பேர் வரிசையாக இறங்கினால் எல்லோரும் செய்வது ஒரே செயல்தான். அவரவர் பங்கு நிலம் மட்டும் வேறு. பக்கத்தில் இருப்பவர் முடிக்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. எவ்வளவு கெட்டிக்காரரானாலும் ஒருவர் தனியாக நின்று அந்த நாற்பது பேரின் வேலையை ஒரே நாளில் முடிக்க முடியாது. ஆனால் நாற்றங்காலில் விதைத்த பயிர் நடவுக்குத் தயாராகும் நாட்களை, நாற்பது பேரல்ல, நானூறு பேர் வந்து வரப்பில் நின்றாலும் குறைக்க முடியாது. ஜிபியுவின் பலமும் எல்லையும் இதே போலத்தான். பிரித்துக்கொள்ள முடிகிற வேலைக்கு ஆள்பலம் உதவும். வரிசையாக நடந்தே தீர வேண்டிய வேலைக்கு உதவாது.

இந்த எல்லையைக் கணக்காகவே எழுதிவைத்தவர் ஜீன் ஆம்டால். 1967இல் அவர் முன்வைத்த வாதத்தைத்தான் இன்று ஆம்டால் விதி என்கிறோம். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் எக்ஸ்போர்ட் ஒரு மணி நேரம் எடுக்கிறது. அதில் 40 நிமிடம் நிறமும் எஃபெக்டும். மிச்சமுள்ள 20 நிமிடம் டிஸ்க்கிலிருந்து படிப்பது, சிபியுவில் மட்டுமே ஓடும் சில்லறை வேலைகள். கார்டு வந்ததும் அந்த 40 நிமிடம் 4 நிமிடமாகிறது; பத்து மடங்கு வேகம். மொத்த நேரம்? 24 நிமிடம். அதாவது இரண்டரை மடங்குதான். இன்னும் விலை கூடிய கார்டு போட்டு அந்த 4 நிமிடத்தையும் பூஜ்யமாக்கினால்கூட 20 நிமிடம் அப்படியே நிற்கும். மூன்று மடங்கைத் தாண்டவே முடியாது. ‘பத்து மடங்கு வேகம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது பொய்யில்லை. அந்தப் பத்து உங்கள் வேலையின் ஒரு பகுதிக்கு மட்டும் உரியது. கார்டு மாற்றியும் நினைத்த வேகம் வரவில்லை என்று வருந்தி எழுதிய வாசகர்கள் பலருக்கும் நான் சொல்லும் முதல் விளக்கம் இதுதான்.

இந்தச் சிப்பு பிறந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது வீடியோ எடிட்டிங்குக்காகப் பிறந்தது அல்ல. தொண்ணூறுகளில் முப்பரிமாண விளையாட்டுகள் வந்தபோது, திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடத் தனிச் சிப்பு தேவைப்பட்டது. 1993இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்ட்டிஸ் பிரீம் மூவரும் தொடங்கிய என்விடியா, 1999இல் ஜிஃபோர்ஸ் 256 கார்டை வெளியிட்டு, அதை உலகின் முதல் ஜிபியு என்று விளம்பரப்படுத்தியது. சில ஆண்டுகளில் இந்தச் சிப்புகளுக்குச் சிறு நிரல்களை எழுதிக்கொடுக்கும் வசதி வந்தது. உடனே விஞ்ஞானிகளுக்கு ஆசை பிறந்தது. திரையில் படம் வரையப் பயன்படும் இத்தனை கணக்கு பலத்தை நம் ஆய்வுக் கணக்குகளுக்கும் பயன்படுத்தினால் என்ன? நேரடி வழி இல்லாததால் தங்கள் எண்களைப் படம்போல மாற்றி, கார்டை வரையச் சொல்லி, வந்த படத்திலிருந்து விடையைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இயன் பக் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய குழுவினரும் 2004இல் ‘புரூக்’ என்ற நிரல்மொழியை உருவாக்கி இந்தச் சுற்றுவழியை எளிதாக்கினார்கள். பிறகு அவர் என்விடியாவில் சேர்ந்தார். 2006இல் என்விடியாவின் ‘குடா’ நிரலாக்க வசதி அறிவிக்கப்பட்டது. விளையாட்டுக்காக விற்ற கார்டு அன்று முதல் பொதுவான கணக்குகளுக்கும் திறந்துவிடப்பட்டது. என்விடியா அல்லாத கார்டுகளுக்கும் பொருந்தும்படி ‘ஓப்பன்சிஎல்’ என்ற பொதுத் தரம் 2008இல் வந்தது.

எடிட்டிங் மேசைக்கு இந்த மாற்றம் வந்து சேர்ந்தது 2010இல். அந்த ஆண்டு வெளியான அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5இல் ‘மெர்க்குரி பிளேபேக் எஞ்சின்’ வந்தது. குடா கார்டு இருந்தால் எஃபெக்டுகளை அதுவே கணக்கிட்டது. பிரீமியரில் வேலை செய்பவர்களுக்கு டைம்லைனுக்கு மேலே ஓடும் மெல்லிய கோடு நன்றாகத் தெரியும். எஃபெக்ட் போட்ட இடத்தில் அது சிவப்பாக இருந்தால், ரெண்டர் செய்யாமல் சீராக ஓடுவது சந்தேகம் என்று பொருள். மஞ்சளாக இருந்தால், ரெண்டர் செய்யாமலே பெரும்பாலும் ஓடிவிடும். பச்சையாக இருந்தால், ஏற்கெனவே ரெண்டர் ஆகிவிட்டது. அதே கிளிப், அதே எஃபெக்ட். ஜிபியு துணைக்கு இருந்தால் சிவப்புக் கோடு மஞ்சளாகிறது. சிவப்புக் கோட்டின் முன்னால் எத்தனையோ இரவுகள் உட்கார்ந்திருந்த ஒரு தலைமுறை எடிட்டர்களுக்கு அந்த மஞ்சள் நிறத்தின் அருமை தெரியும்.

நிறத் திருத்தத்தில் நடந்த மாற்றம் இதைவிடப் பெரிது. டாவின்சி ரிசால்வ் அமைப்புகள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலையில் பெரிய போஸ்ட் புரொடக்ஷன் கூடங்களில் மட்டும் இருந்தன. 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் டாவின்சியை வாங்கியது. 2010இல் மேக் கம்ப்யூட்டரில் ஓடும் ரிசால்வ் மென்பொருளை 995 டாலருக்குக் கொடுத்தது. 2011இல் இலவசப் பதிப்பே வந்துவிட்டது. கடையில் கிடைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கே அந்த வேலையைத் தாங்கும் பலம் வந்துவிட்டதால்தான் இது நடந்தது. சென்னையின் பெரிய ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் வாடகை கொடுத்துச் செய்ய வேண்டியிருந்த வேலையை, இன்று சொந்த ஊரில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஓர் இளைஞர் செய்கிறார். திறமைக்கும் வாய்ப்புக்கும் நடுவே நின்ற பணச்சுவர் ஒன்று இதனால் தாழ்ந்திருக்கிறது. இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி நான் மகிழ்ச்சியோடு எழுதுவதற்கு முதல் காரணம் அதுதான்.

இனி, பலரும் குழப்பிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். கிராபிக்ஸ் கார்டுக்குள் நமக்கு உதவி செய்பவை இரண்டு. ஒன்று, மேலே சொன்ன ஆயிரக்கணக்கான கணக்கு அலகுகள். இன்னொன்று, வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் மட்டுமே அமைத்த தனிச் சுற்று. இரண்டும் வேறுவேறு.

இந்தத் தனிச் சுற்று ஏன் தேவைப்பட்டது? சுருக்காத 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் வீதம், நிமிடத்துக்குச் சுமார் 45 ஜிபி இடம் பிடிக்கும். அதையே உங்கள் செல்போன் சில நூறு எம்பிக்குள் அடக்கிவிடுகிறது. எப்படி? ஒரு ஃபிரேமை முழுதாக எழுதிவைத்துவிட்டு, அடுத்து வரும் ஃபிரேம்களில் எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் எழுதுகிறது. எச்.264, எச்.265 என்ற வீடியோ வடிவங்கள் இரண்டும் இந்த வழியில்தான் சுருக்குகின்றன. பார்க்கும்போது பிரச்சினை இல்லை. எடிட் செய்யும்போதுதான் சிக்கல். டைம்லைனில் நடுவில் ஓரிடத்தில் சொடுக்கினால், அந்த ஃபிரேம் அங்கே முழுதாக இருக்காது. முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, நடுவில் உள்ள மாற்றங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால்தான் கிடைக்கும். ஒன்றன் பின் ஒன்றாக நடக்க வேண்டிய வேலை இது. ஆயிரம் அலகுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது கடினம். அதனால்தான் இதற்கென்றே தனிச் சுற்று அமைத்தார்கள். இன்டெல் 2011இல் ‘குவிக் சிங்க்’ என்ற பெயரில் பிராசசருக்குள்ளேயே வைத்தது. என்விடியா 2012இல் ‘என்வெங்க்’ என்ற சுற்றைக் கார்டில் சேர்த்தது. ஏஎம்டியும் அதே காலத்தில் தன் கார்டுகளில் கொண்டுவந்தது. ஆப்பிள் 2021இல் வெளியிட்ட எம்1 புரோ, எம்1 மேக்ஸ் சிப்புகளில் புரோரெஸ் வீடியோ வடிவத்துக்கும் தனிச் சுற்று இருந்தது.

இந்தச் சுற்று தனக்குக் கற்றுக்கொடுத்த வடிவங்களை மட்டுமே கையாளும். கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இன்று அதிகம் பயன்படுத்தும் மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் 4:2:2 10 பிட் என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. நிறத் தகவல் அதிகம் கிடைக்கும், கிரேடிங்குக்கு நல்லது. ஆனால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரையிலான கார்டுகளில், எச்.264, எச்.265 வடிவங்களில் வரும் இந்த 4:2:2 வீடியோவை விரிக்கும் சுற்று இல்லை. 2025இல் வந்த 50 வரிசையில்தான் சேர்த்தார்கள். விலை கூடிய கார்டு போட்டும் கிளிப் தடுக்கித் தடுக்கி ஓடுவதற்குப் பல சமயம் காரணம் இதுவே. வியப்பு என்னவென்றால், 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களுக்குள் இருக்கும் சாதாரண கிராபிக்ஸ், எச்.265 வடிவத்தில் உள்ள 4:2:2 வீடியோவைச் சிரமமின்றி விரித்துவிடும். ஆகவே பிராசசர் வாங்கும்போது பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள் கிராபிக்ஸ் இல்லாத வகை அது. சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அதை வாங்கிவிட்டு, பிறகு கார்டின்மேல் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் விலை விசாரிக்கும்போதே இந்த ஓர் எழுத்தையும் விசாரித்துவிடுங்கள்.

கார்டின் நினைவகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கணக்கு அலகுகள் எத்தனை இருந்தாலும் எண்கள் கைக்கு வந்து சேர வேண்டுமே. ஆர்டிஎக்ஸ் 3060இன் நினைவகம் நொடிக்கு 360 ஜிபி வரை தரவைக் கொடுக்கும். நம் மதர்போர்டில் ஜோடியாகப் போடும் டிடிஆர்4 3200 ரேம் கொடுப்பது நொடிக்குச் சுமார் 51 ஜிபி. இரண்டுக்கும் இடையே தரவு போய்வரும் பாதை இன்னும் குறுகலானது. மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் ஒரு திசையில் நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபிதான். அதனால் ஒரு ஃபிரேம் கார்டுக்குள் போய்விட்டால், எல்லா வேலையும் முடிந்த பிறகு வெளியே வருவதே நல்லது. ஐந்து எஃபெக்டுகளுக்கு நடுவே ஜிபியு ஆதரவில்லாத ஒன்றைச் செருகினால், ஃபிரேம் வெளியே வந்து, சிபியுவில் கணக்காகி, மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். பிரீமியரின் எஃபெக்ட் பட்டியலில் ஜிபியு ஆதரவு உள்ளவற்றுக்குத் தனிக் குறி இருக்கிறது. அதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் நல்லது.

நினைவகத்தின் அளவும் முக்கியம். நிறம் கெடாமல் இருக்க மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் துல்லியமான தசம எண்களாக வைத்துக்கொள்ளும். அப்படி வைத்தால் ஒரே ஒரு 4கே ஃபிரேம் சுமார் 133 எம்பி. இரைச்சல் நீக்கும் எஃபெக்ட் முன்னும் பின்னுமாக ஐந்து ஃபிரேம்களைப் பார்க்கிறது என்றால் அதற்கே 660 எம்பிக்கு மேல். 4 ஜிபி கார்டில் ரிசால்வ் ‘ஜிபியு நினைவகம் நிறைந்துவிட்டது’ என்று சொல்லி நின்றுவிடுவதன் காரணம் இதுதான். நினைவகம் போதாத வேகமான கார்டைவிட, கொஞ்சம் மெதுவானாலும் நினைவகம் அதிகமுள்ள கார்டு கிரேடிங் செய்பவருக்கு உதவும்.

சரி, உங்கள் கம்ப்யூட்டரில் எது தடை என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். அதில் ஜிபியுவைத் தேர்ந்தெடுத்தால் நான்கு சிறு வரைபடங்கள் தெரியும். அவற்றில் ‘வீடியோ டிகோட்’, ‘வீடியோ என்கோட்’ இரண்டும் நான் சொன்ன தனிச் சுற்றின் வேலையைக் காட்டுபவை. இன்னொரு வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கிக் ‘குடா’ அல்லது ‘கம்ப்யூட்’ என்று மாற்றிக்கொண்டால் கணக்கு அலகுகளின் உழைப்பு தெரியும். இப்போது உங்களுக்குத் தொல்லை தரும் டைம்லைனை ஓடவிடுங்கள்.

கிளிப் தடுக்கும்போது டிகோட் வரைபடம் பூஜ்யத்தில் கிடக்க, சிபியு நூறைத் தொட்டால், உங்கள் வீடியோ வடிவத்தைக் கார்டின் சுற்று ஏற்கவில்லை. அதே வரிசையில் பெரிய கார்டு வாங்கிப் பயனில்லை. பிராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான பிரதி) உருவாக்கிக்கொண்டு எடிட் செய்தால் அன்றைக்கே நிம்மதி கிடைக்கும். கணக்கு அலகுகளின் வரைபடம் நூறில் நின்றால், உங்கள் எஃபெக்டுகள் கார்டை மீறிப்போகின்றன. இங்கே நல்ல கார்டு நிச்சயம் பலன் தரும். கார்டின் நினைவகம் நிரம்பி நின்றால், நினைவகம் அதிகமுள்ள கார்டு. இவை எதுவுமே உயராமல் டிஸ்க் மட்டும் நூறில் நின்றால், பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். செலவு கார்டின் விலையைவிட வெகுவாகக் குறைவு. எதுவும் தென்படவில்லை என்றால் மென்பொருளின் அமைப்பையும் ஒருமுறை பாருங்கள். பிரீமியரின் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரர் ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று இருந்தால், கார்டு இருந்தும் எஃபெக்ட் கணக்குக்கு அது பயன்படாது.

எக்ஸ்போர்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தனிச் சுற்றில் சுருக்கினால் வேகம் பல மடங்கு கூடும். ஆனால் அதே பிட்ரேட்டில் சிபியுவை நிதானமாக உழைக்கவைத்துச் சுருக்கும் வீடியோவின் தரம் பொதுவாக ஒரு படி மேலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் மாதிரிக்கும், வாடிக்கையாளர் திருத்தம் சொல்லப் பார்க்கும் பிரதிக்கும் வேகமான வழி போதும். ஒரு குடும்பம் பல வருடம் பத்திரப்படுத்தப்போகும் இறுதிப் பிரதிக்கு பிட்ரேட்டைக் கூட்டிக் கொடுங்கள். அல்லது இரவு முழுக்க ஓடட்டும் என்று சிபியுவிடம் விட்டுவிடுங்கள்.

நம் ஊர் வெயிலையும் கரண்டையும் மறக்கக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 3060 முழு வேலையில் 170 வாட் எடுக்கும். உச்சத்தில் இருந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட். கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ்களில் பல 360 வாட்டுக்கு மேல் தாங்காது. புதுக் கார்டு போட்ட பிறகு, ரெண்டர் நடுவில் கரண்ட் போகும்போது யுபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிட்டால் அத்தனை நேர வேலையும் வீண். கார்டோடு சேர்த்து பவர் சப்ளை, யுபிஎஸ் இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள். லேப்டாப் வைத்திருப்பவர்கள் சூட்டையும் பாருங்கள். சூடு ஏறினால் சிப்பு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை மாத மதியத்தில், காற்றோட்டமில்லாத அறையில், மெத்தைமேல் வைத்து ரெண்டர் போட்டால் வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி சூட்டிலேயே போய்விடும்.

வேலையைப் பிரித்துச் செய்யும் இதே தத்துவம் வீடியோவைத் தாண்டி எங்கெல்லாமோ போயிருக்கிறது. 2012இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் மூவரும், படங்களை அடையாளம் காணும் ‘அலெக்ஸ்நெட்’ அமைப்பைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தியவை கடையில் விற்ற இரண்டு ஜிடிஎக்ஸ் 580 விளையாட்டுக் கார்டுகள்தான். ஒவ்வொன்றிலும் 3 ஜிபி நினைவகம். பன்னிரண்டு லட்சம் படங்களைக் காட்டிப் பயிற்றுவிக்க ஐந்தாறு நாள் ஆனது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அலைக்கு வழி திறந்த ஆய்வு அது. நரம்பு வலைப்பின்னலின் கணக்கும் புள்ளிக் கணக்குபோல, பெரும்பாலும் ஒன்றையொன்று எதிர்பார்க்காத கோடிக்கணக்கான பெருக்கல் கூட்டல்களே. இன்று எடிட்டிங் மென்பொருளில் ஒருவரின் முகத்தைத் தானாகப் பின்தொடர்வதும், பேச்சிலிருந்து இரைச்சலைப் பிரிப்பதும், பின்னணியை வெட்டி எடுப்பதும் அந்த ஆய்வு வழியில் வந்தவை. அதே கார்டு, அதே அலகுகள்.

இத்தனையும் எழுதியது உங்களைக் கார்டு நிபுணர்களாக்க அல்ல. வேகம் நமக்கு எதற்காக என்று ஒருமுறை சேர்ந்து யோசிக்கத்தான். ஒரு நிற மாற்றத்தைப் பார்க்க ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தால், எடிட்டர் இரண்டாவது வழியை முயன்று பார்க்க மாட்டார். ‘இதுவே போதும்’ என்று மனம் சமாதானம் ஆகிவிடும். கையை நகர்த்திய கணமே திரையில் மாற்றம் தெரிந்தால் பத்து வழிகளை முயல்வார். பத்தாவது வழி முதல் வழியைவிட நன்றாக இருக்கும். கண்ணும் கையும் அப்படித்தான் பழகும். ஜிபியு நமக்குக் கொடுப்பதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, சீக்கிரம் முடியும் எக்ஸ்போர்ட்டைவிட, தயங்காமல் இன்னொரு முறை முயலும் இந்தத் துணிச்சல்தான். கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்களுக்கு அது விலைமதிப்பற்றது.

ஆகவே மிச்சமாகும் நேரம் முழுவதையும் இன்னும் இரண்டு ஆர்டருக்கே கொடுத்துவிடாதீர்கள். பிழைப்பு முக்கியம், மறுக்கவில்லை. அதில் ஒரு பகுதியையாவது உங்கள் வேலைக்கே திருப்பிக் கொடுங்கள். முடித்த வீடியோவை ஒரு தடவை ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் பாருங்கள். தாலி கட்டும் காட்சியில் நாதஸ்வரம் ஒரு விநாடி முன்னால் வெட்டுப்பட்டிருப்பதை எந்தக் கார்டும் சொல்லாது. பந்தியில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் சிரிப்பை இன்னும் இரண்டு விநாடி விட்டிருக்கலாம் என்று எந்தச் சிப்பும் கணக்கிடாது. அது நீங்கள் பார்த்து, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். டாஸ்க் மேனேஜர் சோதனையை இந்த வாரமே செய்து பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் பிராசசர், கார்டு, ரேம் விவரம், கேமரா பதிவு செய்யும் வடிவம், தொல்லை தரும் இடத்தில் எந்த வரைபடம் உயர்ந்தது என்பது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். புதிதாக எதுவும் வாங்காமல் அமைப்பை மாற்றியே வேகம் பெற்றவர்கள் இருந்தால், என்ன செய்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். தேர்ந்தெடுத்த கடிதங்களை அடுத்த இதழில், தொழில் தெரிந்தவர்களின் பதிலோடு வெளியிடுகிறோம். ஒருவர் கண்டுபிடித்த வழி, கடன் வாங்கிக் கார்டு வாங்கப் புறப்பட்ட இன்னொருவரின் பணத்தைக் காப்பாற்றக்கூடும். பத்திரிகை என்று ஒன்று இருப்பது இப்படி ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளத்தானே!

அன்புடன்,
ஆசிரியர்